காற்று ஷெட்டில் என் தங்கையின் வீடு

1

வெளியூரில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று நம் பங்குக் கோயில் மலருக்காகக் கேட்டிருந்தார்கள். துபாயில் இருப்பவர்கள் எழுதுவார்கள், மஸ்கட்டில் இருப்பவர்கள் எழுதுவார்கள். நான் இருப்பது திருவனந்தபுரத்தில். ஊர் முக்கில் பஸ் ஏறிக் கண்ணசந்தால் விழிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம். இதையும் வெளிநாடு என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. நான் படித்த ஐந்தாம் வகுப்பு அந்த இடத்தோடு தீர்ந்துவிடுகிறது. இத்தனை வருஷம் ஆகியும் கிழக்கேகோட்டையில் நின்று பஸ்ஸின் நெற்றியை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். நான் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பஸ் போய்விடும்.

சபையில் பேச எனக்கு வராது. கல்யாண வீட்டிலும் பந்தல் காலை ஒட்டித்தான் நிற்பேன். எழுதுவதற்கும் துணிச்சல் இல்லாமல்தான் இருந்தேன். மலர் வெளிவருகிற வாரம் என் தங்கை புஷ்பத்தின் ஆண்டு நினைவுப் பூசையும் வருகிறது என்று மனைவி லில்லி சொன்ன பிறகு, எழுதினால் என்ன என்று தோன்றியது.

புஷ்பத்தை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். வருஷங்களுக்கு முன்னால் அடித்த அந்தப் புயல் அன்று கடற்கரைத் தெருவில் கூரை பறந்து, சுவர் சரிந்து, அதன் அடியில் போனவள் அவள். அவள் புருஷன் ஜெரோம் மாப்பிள்ளை அப்போது கடலில் இருந்தார். படகு எங்கோ வடக்கே ஒரு கரையில் ஒதுங்கி, அங்கிருந்து அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

2

கடற்கரையில் பிறந்தும் நான் கடலுக்குப் போகாதவன். போன முதல் தடவையே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. அப்பா பிறகு கூப்பிடவில்லை. கூரை வேலைக்குப் போனேன். இரும்புச் சட்டம் போட்டு ஷீட் அடிக்கிற வேலை. அந்த வேலைதான் என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தது.

வந்த புதிதில் தொழிலாளர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, வெளி மாநிலத்துக்காரர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்றார். இங்கே எங்களை அதிதித் தொழிலாளி என்று சொல்கிறார்கள், அதாவது விருந்தாளி. வரிசையில் எனக்கு முன்னால் வங்காளப் பையன்கள், பின்னால் ஒடிசாப் பையன்கள். மேசைக்காரர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "கன்னியாகுமரியா? அது நம்மட ஸ்தலம் அல்லே" என்று சிரித்தார். நம்முடைய இடம்தானே என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். மறுபடி போனபோது வேறொருவர் இருந்தார். அவர் இந்தியில் பேசினார். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் நான் பதில் சொன்னேன். அவர் அதற்கும் இந்தியில்தான் பேசினார்.

இப்போது வேலை பார்ப்பது விதுரா போகிற வழியில், ஒரு பல்கலைக்கழகத்தின் ஷெட்டில். புயலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இடம். சுவர் உயரத்துக்கு வரிசையாக மின்விசிறிகள், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். அவற்றின் முன்னால் ஒரு அறை அளவு வீடு கட்ட வேண்டும். ஓட்டு வீடு, தகரக் கூரை வீடு, ஆஸ்பெட்டாஸ் வீடு. கட்டி முடித்ததும் ஆராய்ச்சிப் பிள்ளைகள் கூரையில் பித்தான் மாதிரிச் சென்சார்களை ஒட்டுவார்கள். பிறகு காற்றை விடுவார்கள். எந்த வேகத்தில் எந்த மூலை முதலில் கிளம்புகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். அதிலிருந்து, இருக்கிற வீட்டையே எப்படிக் கட்டிக் காப்பாற்றலாம் என்று கண்டுபிடிப்பார்கள். நாங்கள் அதைக் காற்று ஷெட் என்போம்.

வாசல் காவலாளி முதல் நாள் கேட்டார், "சேட்டனு எந்தா பணி?"

"வீடு கெட்டணும்."

"பின்னே?"

"பின்னே பொளியும்."

அவர் தினமும் இதையே கேட்டுச் சிரிப்பார். வீடு கட்டுவேன், பிறகு அது இடியும் என்று நானும் இதையே சொல்வேன். ஆனால் உடைவதற்கென்றே கட்டினாலும் கோணலாகக் கட்ட எனக்குக் கை வராது. மட்டம் பார்த்துத்தான் கட்டுவேன்.

3

இந்த ஆராய்ச்சியை நடத்துகிறவர் லேகா டீச்சர். கொல்லத்துக்காரர், என்னைவிட இளையவர். இங்கே பேராசிரியரையும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். என்னிடம் பேசும்போது தமிழ் பேசப் பார்ப்பார். அவருடைய தமிழும் என்னுடைய மலையாளமும் நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டு சோதனை நடக்கவில்லை. பிள்ளைகள் கல்லாறு வரை போய் டீ குடிக்கலாம் என்று ஜீப்பை எடுத்தார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆற்றங்கரைக் கடையில் பழம்பொரியும் டீயும். தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறைகளில் முட்டிப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"மிக்கேல் சேட்டா, பெரிய காற்று வரும்போ உங்கட நாட்டில் ஆள்க்கார் என்னா செய்யும்?"

"என்ன செய்ய டீச்சர், செபமாலை சொல்லுவாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். "அது சரி. வீட்டுக்கு என்னா செய்யும்? ஜன்னல் அடைக்குமோ, கதவு அடைக்குமோ?"

"ஜன்னலை அடைப்பாங்க. வாசக்கதவை அடைக்க மாட்டாங்க. ஆம்பிளை கடல்ல இருந்தா அவன் வரும்வரை கடல்பக்கக் கதவை அடைக்கப்பிடாது. எந்த மழைன்னாலும் தொறந்துதான் கெடக்கும். பறந்து அடிக்காம இருக்கக் கயிறு போட்டுக் கெட்டி வைப்பாங்க."

டீச்சர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளையைப் பார்த்து ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "புயல் வந்நாலும்?" என்று கேட்டார்.

"புயல்னாதான் டீச்சர் முக்கியமா தொறந்திருக்கணும்."

அடுத்த வாரமே அந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். உங்கள் ஊரில் இருக்கிற மாதிரி ஒரு வீடு கட்டுங்கள், கதவு விசிறியைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார்கள். எந்த வீட்டைக் கட்டுவேன்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வீடு ஒன்றுதான். புஷ்பத்தின் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அந்த வீட்டைச் சீர் செய்தபோது கூரை போட்டவன் நான்தான். ஹாலோ பிளாக் சுவர், இரும்புக் குழாய்ச் சட்டம், ஆஸ்பெட்டாஸ் ஷீட், கொக்கி போல்ட். அதே சரிவு, அதே கதவு அகலம். கட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொல்லப்போனால் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுப்பு மூட்டுகிற இடம் எது என்று கால் தானாகவே போய் நின்றது.

முதலில் கதவை அடைத்து வைத்துக் காற்று விட்டார்கள். கூரை முனகியது, ஷீட் அதிர்ந்தது. ஆனால் நின்றது. பிறகு கதவைத் திறந்து கயிறு போட்டுக் கட்டச் சொன்னார்கள். நான்தான் கட்டினேன். புஷ்பம் கட்டுகிற மாதிரியே, கொண்டியில் சுற்றி ஆணியில் இறுக்கினேன்.

முதலில் விட்ட அளவுக்குக் காற்றை ஏற்றக்கூட இல்லை. கூரை ஒரு மூச்சு எடுத்த மாதிரி எழும்பியது. அப்படியே கழன்று பின்னால் போய் விழுந்தது. பிடிமானம் போன பக்கச் சுவர் உள்ளே சரிந்தது. அடுப்புப் பக்கம்.

டீச்சர் எனக்குக் கையை வைத்து விளக்கினார். காற்று கூரைக்கு மேலே ஓடும்போது கூரையை மேல்நோக்கி இழுக்கும். கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லை, அது கீழிருந்து தள்ளும். மேலே இழுப்பும் கீழே தள்ளலும் சேர்ந்தால் போல்ட் தாங்காது. "ஒரு கதவு, சேட்டா. ஒரே ஒரு கதவு அடைச்சால் எத்ர வீடு நிற்கும்!" அவர் முகம் மலர்ந்திருந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. என் தங்கை எப்படிப் போனாள் என்று நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

கைகால் கழுவப் போகிற மாதிரிப் பைப்படிக்குப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

4

வீட்டில் லில்லியிடம் சொன்னேன். அவள் அழுதாள். என் மகள் ஜெனி கல்லூரியில் படிக்கிறாள். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "அப்பா, அம்மாயிக்கு அந்த வாதில் அடைச்சா போராயிருந்நோ?"

அத்தையை அவள் அம்மாயி என்றுதான் சொல்வாள். அத்தைக்கு அந்தக் கதவை அடைத்திருந்தால் போதாதா என்று கேட்கிறாள். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. டீச்சர் கண்டுபிடித்ததும் அதைத்தான். பழவங்காடிக்கும் கோட்டைக்கும் நடுவில் வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளை. இங்கே கதவு என்றால் பூட்டுவதற்கு உள்ளது. கடலில் போன ஆளுக்குக் கரையில் ஒரு திறந்த கதவு இருக்க வேண்டும் என்பதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வேன்? தமிழில் சொன்னால் பாதி புரியாது. மலையாளத்தில் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. "அப்படி அடைக்க மாட்டாங்க மக்களே" என்று மட்டும் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது புஷ்பத்தின் இடுப்பிலிருந்து இறங்க மாட்டாள். அத்தையின் குரல் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவில்லை என்றாள்.

டீச்சர் அதோடு நிற்கவில்லை. இந்த விஷயம் கடற்கரை வீடுகளுக்கு உடனே போய்ச் சேர வேண்டும் என்றார். கேரளக் கரையில் சில ஊர்கள், பிறகு தமிழ்நாட்டுக் கரை. தமிழ்நாட்டுப் பக்கம் கூட்டம் போட ஒரு ஆபீஸில் அனுமதி கேட்டார்கள். கேரளாக்காரர்கள் இங்கே ஏன் வருகிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். புயலுக்கு மாநிலம் தெரியாது என்று டீச்சர் எழுதினார். அதற்கும் ஒரு சீல் வேண்டும் என்றார்கள். கடைசியில் நம் பங்குச்சாமியார்தான் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பொறுப்பெடுத்தார். முதல் கூட்டம் நம் ஊரில். தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான்.

அப்போதுதான் டீச்சரிடம் புஷ்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"சேட்டா என்னோட நேரத்தே பறைஞ்ஞிருந்நா..." என்றார். முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"டீச்சர், எங்க ஊர்ல மட்டும் கதவு விஷயத்த விட்டுருவோம். போல்ட்டப் பத்திச் சொல்லுவோம், கயிறு கெட்டுறதப் பத்திச் சொல்லுவோம். எங்க மாப்பிள்ளை அங்க இருப்பாரு. அவருக்காகத் தொறந்து வச்ச கதவு டீச்சர். அவரு தாங்க மாட்டாரு."

"அந்தத் தெருவில் இப்பழும் ஷீட் வீடு உண்டோ?"

"உண்டு."

"எத்ர பெண்ணுங்கள் இப்பழும் கதவு தொறந்து வைக்கும்?"

எல்லோரும்தான். அது டீச்சருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வற்புறுத்தவில்லை. "சேட்டன் தீருமானிச்சோ" என்றார். நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொல்கிறார். அதைவிடத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வராமல் கடலுக்குப் போயிருந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். பின் வரிசையில் கைலியை மடித்துக்கட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். போல்ட்டைப் பற்றி ஆரம்பித்தேன்.

"சத்தமா சொல்லும் வே, ஒண்ணும் கேக்கல!" என்று ஒருவர்.

"கேரளாவுல போயி நாக்க வித்துட்டான்" என்று இன்னொருவர். மண்டபமே சிரித்தது. டீச்சரும் காரணம் புரியாமல் சிரித்தார்.

போல்ட் முடிந்தது, கயிறு முடிந்தது. கதவு மட்டும் பாக்கி. அப்போது முன் வரிசையில் கடற்கரைத் தெருவின் சின்னப் பிள்ளைகள் சிலர் தாய்மாரின் மடியில் இருந்தார்கள். அதில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. வீடியோவைப் போடச் சொன்னேன். கதவு அடைத்த வீடு நின்றது. கதவு திறந்த வீட்டின் கூரை எழும்பிப் போனது. "அதனால புயல் எச்சரிக்கை வந்தா, கடல்பக்கக் கதவ அடைக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டிருந்தது.

மீன் விற்கிற திரேசம்மா அக்காதான் எழுந்தாள். புஷ்பத்தின் பக்கத்து வீட்டுக்காரி.

"லேய் மிக்கேலு, ஆம்பள கடல்ல கெடக்கும்போ கதவ அடைக்கவா? அடச்சா அவன் எங்கல வருவான்? நீ வாந்தி எடுத்துக் கரையேறுனவன். ஒனக்குக் கடலு என்ன தெரியும்?"

"அக்கா, நான் சொல்லல, சோதன பண்ணிப் பாத்து..."

"சோதன! விசிறி வச்சிப் பாத்தியளா? எங்க அம்மை அடச்சதில்ல, நானும் அடச்சதில்ல. என் மவன் கடல்ல நிக்கும்போ கதவ அடச்சிட்டுப் படுத்தேன்னா எனக்கு ஒறக்கம் வருமா? கேட்டுச் சொல்லு அந்தப் பிள்ளகிட்ட."

டீச்சரிடம் நான் என்னத்தைச் சொல்ல? பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அப்போது பின்னாலிருந்து மாப்பிள்ளை எழுந்து வந்தார். அவர் வர வர, பேச்சு தானாக அடங்கியது.

"திரேசக்கா, எங்க கல்யாணம் முடிஞ்ச வருசம் ஒரு நா நான் கத்துனனே, ஞாவகம் இருக்கா?"

அக்கா மெல்ல உட்கார்ந்தாள்.

"கரையேறி வாறேன். கதவு அடச்சிக் கெடக்கு. குளிருதுன்னு அடச்சிருக்கா. தெருவே கேக்கும்படியா கத்துனேன். நான் செத்துட்டேன்னு அடச்சியான்னு கேட்டேன். நீயும் வந்து பாத்துட்டு நின்ன. அண்ணைக்கோட சரி. பெறவு அவ அடச்சதே இல்ல. நான் சொன்ன ஒண்ணையும் கேக்க மாட்டா. அது ஒண்ணத்தான் கேட்டா."

மாப்பிள்ளை பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அடைங்க" என்றார். "நாங்க வந்தா தட்டுவோம்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். அதை மட்டும் நான் மலையாளத்தில் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

6

மாப்பிள்ளையை வலைக்கூடத்தில் கண்டுபிடித்தேன். கிழிந்த வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், தைக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்குள் பேச்சு எப்போதும் குறைவு. அவர் கேட்பார், நான் உம் கொட்டுவேன்.

"ஜெனி நல்லாருக்காளா?"

"உம்."

"மீனு திங்காளா, இல்ல அதையும் விட்டுட்டாளா?"

"திங்கா. முள்ளு எடுத்துக் குடுக்கணும்."

சிரித்தார். பிறகு வலையின் ஒரு கண்ணியில் விரலை விட்டுக்கொண்டே கேட்டார்.

"மச்சான், அந்தப் படத்துல காட்டுனது எங்க வீடுதான?"

மறைக்க முடியவில்லை. "ஆமா" என்றேன்.

"கதவு அளவப் பாத்ததும் தெரிஞ்சிட்டு." விரலைக் கண்ணியிலிருந்து எடுத்தார். "அண்ணைக்கு அடிச்ச காத்துக்கு, அவ அடச்சிருந்தா நின்னிருக்குமா?"

"தெரியல மாப்ள. ஷெட்டுல விட்டது ஒரு அளவுக்குக் காத்து. அண்ணைக்கு நம்ம ஊர்ல எவ்வளவு அடிச்சதுன்னு இன்னும் கணக்குப் போட்டு முடிக்கல. சாஞ்ச போஸ்ட்டு, முறிஞ்ச தெங்கு எல்லாம் அப்பமே படம் எடுத்துருக்காங்க. அத வச்சித்தான் பாப்பாங்க. அந்தக் காத்துக்கு அடச்சாலும் போயிருக்கும்னுதான் எனக்குத் தோணுது."

"தோணுததச் சொல்லாதயும். கணக்குப் போட்டாச்சின்னா சொல்லும்."

"அது எதுக்கு மாப்ள இனி?"

"சொல்லணும். எனக்கு வலிக்கும்னு மறைக்கப்பிடாது."

சரி என்றேன். டீச்சரின் ஜீப் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை உள்ளே போய் ஜெனிக்காக ஒரு பொதி நெத்திலிக் கருவாடு எடுத்து வந்து என் கையில் தந்தார்.

7

கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். அன்று நம் ஊரில் அடித்த காற்று எவ்வளவு என்று டீச்சர் வந்து சொன்னார். முன்பு விட்டதைவிடக் கூடுதல். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு ஆறுதல். இந்தக் காற்றுக்கு அடைத்த கதவும் பயன்பட்டிருக்காது. மாப்பிள்ளையிடம் சொல்லலாம், அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் அது போயிருக்கும் என்று.

அந்த அளவுக்குக் காற்று விட்டுப் பார்க்க மறுபடியும் அந்த வீட்டைக் கட்டினேன். ஷீட் போட்டு, கடைசியாக மேலே ஏறிப் போல்ட் முறுக்குகிற வேலை. பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கூரையில் நான் மட்டும், கையில் ஸ்பானர்.

மூலையில் இரண்டு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. கூரை போய்விடும். அன்றைக்கே போன் செய்து, மாப்ள, சோதனை பண்ணியாச்சு, அடைச்சிருந்தாலும் போயிருக்கும், நீரு கத்துனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். நான் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை.

ஸ்பானரை மாட்டிவிட்டேன். மாட்டிக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். இந்தக் கூரை பொய்யாகப் பறந்தால், பெரிய காற்றுக்குக் கதவை அடைப்பது வீண் என்று டீச்சர் எழுதுவார். அது இந்தக் கரை முழுக்கப் போகும். திரேசம்மா அக்கா வீட்டுக்கும் போகும். மாப்பிள்ளை அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று தன்னைத் தானே கிழித்துக் காட்டியது எதற்காகவோ, அதை நான் ஸ்பானரால் இல்லாமல் ஆக்கிவிடுவேன். முறுக்கினேன். எல்லாவற்றையும் முறுக்கினேன். கண்ணீரில் போல்ட் தலை சரியாகத் தெரியவில்லை. தடவிப் பார்த்துத்தான் முறுக்கினேன்.

சாயங்காலம் கதவை அடைத்து வைத்துக் காற்றை விட்டார்கள். ஏற்றிக்கொண்டே போனார்கள். ஷெட்டே அதிர்ந்தது. ஒரு ஷீட் மூலையில் விரிசல் விட்டது. போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாதாவே, போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். என் கையால் போட்ட கூரை போக வேண்டும் என்று வாழ்க்கையில் அன்றுதான் வேண்டினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. டீச்சர் சொன்ன அளவு வந்தது. அதிலேயே நிறுத்தி வைத்தார்கள். பிறகு விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

அதற்குப் பிறகும் மாப்பிள்ளை எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்கிறார். லில்லியிடம் பேசுகிறார், ஜெனியிடம் இரண்டு வார்த்தை பேசப் பார்க்கிறார். என்னிடம் வரும்போது, "பெறவு மச்சான்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறார். அந்த இடைவெளி எதற்கு என்று எனக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல மாப்ள" என்கிறேன். நினைவுப் பூசைக்கு நேரில் வருவேன். நேரிலும் எனக்கு வாய் திறக்காது. மலர் வந்ததும் வலைக்கூடத்தில் யாராவது சத்தமாக வாசிப்பார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் இதில் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மலரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை அவரே வாசிக்கட்டும்.

மாப்ள, கூரை நின்னுது.